நிழலுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு

பத்திரகாளி இலை துடைத்துக்கொண்டிருந்தாள். வலது கையில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணி, இடது உள்ளங்கை இலைக்கு அடியில் முட்டுக்கொடுத்தபடி. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் முதுகைத் துடைக்கப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே முறைதான்: நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே போக்கில், அழுத்தாமல். பூவரச இலையைப் போல இரண்டு மடங்கு இருந்தது ஒவ்வொரு இலையும். மேலே நீலமும் சாம்பலுமாக என்னவோ படிந்திருந்தது. துணி போன இடமெல்லாம் வெறும் பச்சை வந்தது. முதல் தொட்டி முடிந்து இரண்டாவதில் நாலாவது இலையில் இருந்தாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல், பாதி குரலும் பாதி காற்றுமாக வந்தது.

"ஏ தாயி... என்ன செய்யுத அங்கன?"

"தொடைக்கேன் அண்ணாச்சி. பவுடரு அப்பிக் கெடக்கு."

"ஐயோ, அது பவுடரு இல்ல... அது அதோட நெறம்!"

அதற்கு மேல் இருமல்தான் வந்தது. பத்திரகாளி துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். காசிராஜனைத் தோளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி உட்கார்த்தி, முதுகில் தலையணை அண்டை கொடுத்து, மூக்கில் விலகியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரி செய்தாள். அந்த வீட்டில் அவளுக்கு அது முதல் நாள்; மணி காலை ஏழு. நோயாளி தூங்குகிறாரே, சும்மா எதற்கு இருப்பது என்று துணியை எடுத்ததுதான் இவ்வளவுக்கும் காரணம்.

மூச்சு வந்ததும் அவர் சொன்னார். "எருக்க இலை பாத்திருக்கியா? தொட்டா வெள்ளையா கையில ஒட்டும்ல? அதே மாதிரிதான். இலை தனக்குத் தானே பூசிக்கிட்டது. அளிச்சா அளிச்சதுதான். அடுத்து வார இலையிலதான் நீலத்தைப் பாக்க முடியும்."

"அப்ப பத்து இலையைக் கெடுத்துட்டேன்."

"எண்ணிக்கிட்டே தொடைச்சியாக்கும்!"

"பட்டாசுல கை வச்சவளுக்கு எண்ணாம ஒரு வேலை ஓடாதுல்லா, அண்ணாச்சி."

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி?"

"எத்தனையோ கம்பெனி. கஞ்சி சூடா இருக்கு, குடிக்கீகளா?"

இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அந்த இலையைத் துடைத்திருப்பார்கள். பட்டாசு வேலை முடிந்து வருகிறவர் சட்டையில், தலைமயிரில், தூக்குச்சட்டி மூடியில் வெள்ளிப் பவுடர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். அடுப்பு மூட்டுமுன், விளக்கேற்றுமுன் ஈரத்துணியால் துடைப்பது இங்கே பல் விளக்குவது மாதிரி. காய்ந்த துணி ஆகாது. துடைத்த துணியை அடுப்படியில் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். சாம்பல் நிறத்தில் எது படிந்திருந்தாலும் கை தானாக ஈரத்துணியைத் தேடும். தொழிற்சாலைப் பக்கமே போகாத ஒரு இலைக்குச் சாம்பல் தானாகப் பூக்கும் என்று பத்திரகாளிக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் பட்டாசு வேலை. அதை விட்டபின் விருதுநகரில் ஆறு மாதம் தங்கி, வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி எடுத்தாள். பத்து வருடமாக அதுதான் பிழைப்பு. புருஷன் கல்யாணமாகி நாலாம் வருடமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை கிடையாது. தகப்பனை முன்பே இழந்திருந்த தம்பி மகள் அனுப்பிரியாவை அவள்தான் வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்திரண்டு. சிவகாசியில் டைரி பைண்டிங் செய்கிறாள்.

நோயாளி வீடுகளுக்கு ஆள் அனுப்பும் அம்மா போனில் காசிராஜன் என்று பெயரைச் சொன்னபோதே பத்திரகாளிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் காசிராஜன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கும்போது அறைகள் பத்தாது. அப்போது மரத்தடியில் பாய் விரியும். கம்பெனிக்குத் தெற்கே பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. அதன் அடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பட்டாசுக் குழலுக்குள் வெடிமருந்து செலுத்துவார்கள். மருந்து வெயிலில் காயக் கூடாது. அதனால் காசிராஜன் திங்கட்கிழமைதோறும் சுண்ணாம்பு வாளியோடு வந்து செம்மண் தரையில் கோடு போடுவார். பதினோரு மணிக்கு நிழல் எதுவரை, ஒரு மணிக்கு எதுவரை, மூன்று மணிக்கு எதுவரை. நேரம் வந்ததும் "கோடு மாத்துங்க!" என்று குரல் கொடுப்பார். பெண்கள் பாயை இழுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்குள் நகர்வார்கள். பத்திரகாளியும் இரண்டு சீசன் அப்படி நகர்ந்து உட்கார்ந்தவள்தான்.

அந்த வருடம் அவளைப் பெட்டி ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள்; ஷெட் வாசலிலிருந்து மரத்தடி தெரியும். தம்பி பெண்டாட்டி முத்துச்செல்வி மரத்தடியில் இருந்தாள். புரட்டாசி வெயில். மதியம் ஒன்றரை மணிக்கு மரத்தடி வெடித்தது. பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்ததால் நாலு உயிரோடு போயிற்று. எதனால் பற்றியதென்று யாருக்கும் தெரியாது. உராய்வு என்றார்கள், வெயில் என்றார்கள். முத்துச்செல்வியைக் கால் கொலுசை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். காசிராஜன் சொன்னார்: "புழுக்கம் தாங்காம முத்துச்செல்விதான் சரக்கை வெளிய எடுத்துட்டுப் போயி, மத்தவங்களையும் கூப்பிட்டு ஒக்கார வச்சிருக்கா. யாரும் சொல்லல." அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு பத்திரகாளியைக் கூப்பிட்டார்கள். மரத்தடியில் உட்காரச் சொல்லி யாராவது சொன்னது தெரியுமா என்று கேட்டார் அதிகாரி. கதவோரம் காசிராஜன் நின்றிருந்தார். கம்பெனி மறுபடி திறக்கும், வேலைக்குக் கூப்பிடுவார்கள், வீட்டில் பதினோரு வயதுப் பிள்ளை இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் பெட்டி ஷெட்டு" என்றாள். கையெழுத்துப் போட்டாள். கம்பெனி எட்டு மாதம் கழித்து வேறு பெயரில் திறந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

செத்த நாலு பேரும் ஒரே ஊர், பத்திரகாளியின் ஊர். வருடா வருடம் அந்த நாளில் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் போர்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றுவார்கள். போட்டோக்களைச் சேர்த்து பிளக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது கற்பகம். அவள் புருஷன் சண்முகவேல் அந்த நாலு பேரில் ஒருவன். அந்த போர்டில் மூன்று போட்டோதான் இருக்கும். நாலாவதை அவள் வாங்குவதில்லை. "எம் புருசனைக் கூப்பிட்டு ஒக்கார வச்சவ மூஞ்சிக்கு நான் மாலை போடணுமோ?" என்று முதல் வருடமே சொல்லிவிட்டாள். அனுப்பிரியா பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டே வளர்ந்தாள். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாய் வீட்டிலேயே இருந்தது. அது திறக்கவில்லை.

காசிராஜனுக்கு இப்போது அறுபத்தேழு வயது. முப்பது வருடப் பவுடர் நுரையீரலில் இறங்கிக் கெட்டியாகிவிட்டது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பத்து எட்டு வைத்தால் உதடு நீலம் பாயும். மகன் விக்னேஷ்குமார் சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறான்; மாடியில் குடும்பத்தோடு இருக்கிறான். காலையில் வந்து கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்று "எப்படி இருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

பத்திரகாளிக்கு வேலை ஒழுங்காக இருந்தது. ஆறு மணிக்கு வந்து குழாயைக் கழுவி மாட்ட வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம் செடிக்கு.

அந்தக் குளிர்தேசத்துச் செடிக்கு ஹோஸ்டா என்று பெயர். வேலையை விட்ட வருடம் கொடைக்கானல் போனபோது வாங்கி வந்தாராம். உங்க ஊர் இதுக்குச் சரிப்படாது அண்ணாச்சி என்று விற்றவனே சொல்லியிருக்கிறான். அதனாலேயே பன்னிரண்டு வாங்கினார். ஐந்து மிச்சம். வீட்டுக்கு வடக்கே, வீட்டுச் சுவருக்கும் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. பின்னால் நிற்கும் புங்கமரம் அதற்குக் குடை பிடித்த மாதிரி. வெயில் பட்டால் இலையின் நீலம் வெண்ணெய் மாதிரி உருகிவிடும். மேலே தண்ணீர் விட்டால் சொட்டுச் சொட்டாகத் தடம் விழும். அதனால் வேரடியில் மட்டும், விடிகாலையில் மட்டும் ஊற்ற வேண்டும். சுற்றி ஈரச் சாக்கு. குளிர் காணாவிட்டால் மறுவருடம் முளைக்காது என்பதால் மார்கழி, தை இரண்டு மாதமும் கிழங்கைத் தேங்காய் நார்த்தூளில் பொதிந்து பிரிட்ஜில் வைத்துவிடுவார். மருமகள் தயிரை எங்கே வைப்பது என்று கேட்டு ஒவ்வொரு வருடமும் சண்டை. அவ்வளவு செய்தும் வருடத்துக்கு ஒன்று அழுகிப்போகிறது. மிஞ்சியதில் இலை சிறுக்கிறது. தோற்கிற வேலை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் நாளுக்கு மூன்று தடவை கட்டிலில் இருந்தபடியே மேற்பார்வை பார்த்தார்.

"சாக்கு காஞ்சிருச்சு பாரு."

"ஒங்க தொண்டைதான் காஞ்சிருக்கு. இந்தாங்க, தண்ணி."

"நத்தை ஏறிருக்கா?"

"ஒண்ணு ஏறுச்சு. வெளிய போறியான்னு கேட்டேன், போர்மேன் உத்தரவு வேணும்னுச்சு."

அவர் சிரித்து, அந்தச் சிரிப்புக்கு ஐந்து நிமிடம் மூச்சிரைத்தார். பிறகு அவள் வேடிக்கை பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவர் போர்மேன் என்று யாரும் தன்னிடம் சொல்லாதபோதே அவள் அப்படிச் சொல்லிவிட்டதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள், மதியம் நெருங்கும் நேரம், அவர் உள்ளிருந்து சொன்னார்: "தொட்டியை ஒரு மணிக் கோட்டுக்கு நகத்து தாயி. இன்னைக்கு வெயிலு சரியில்ல."

"எந்தக் கோடு?"

"கீழ பாரு. சாக்கை வெலக்கிப் பாரு."

சாக்கை விலக்கினாள். சிமென்ட் தரையில் மூன்று சுண்ணாம்புக் கோடுகள். ஓரத்தில் குச்சியால் எழுதியது: 11, 1, 3. அந்த ஒன்றை எழுதும்போது அடியில் சின்னதாக ஒரு வால் இழுக்கும் பழக்கம்கூட மாறவில்லை.

பத்திரகாளி அந்த வாலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஐந்து தொட்டிகளையும் ஒரு மணிக் கோட்டுக்குள் நகர்த்தினாள். கையைக் கழுவினாள். உள்ளே போய் அவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, சாய்த்து உட்கார்த்தினாள். நோயாளி வெறும் வயிற்றோடு இருக்கும்போது கேட்கிற கேள்வி இல்லை அது.

"அண்ணாச்சி, வேப்பமரத்தடியில போட்ட கோடும் இதே கணக்குதானா?"

காசிராஜன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ எந்த ஊரு?"

"முத்துச்செல்வி புருசனுக்கு நான் அக்கா."

"தெரிஞ்சேதான் வந்தியா?"

"தெரிஞ்சேதான் வந்தேன்."

"என்னைய... கொல்லவா?"

"கொல்லணும்னா இந்தக் குளாயை ஒரு மடிப்பு மடிச்சாப் போதும். ஒம்பது நாளா நாந்தான களுவி மாட்டுதேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் போல என்று அவள் எழுந்திருக்கப் போனபோது பேசினார். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"மொதலாளி சொன்னாரு... செத்தவளை யாரு ஜெயிலுக்குக் கொண்டு போகப் போறா, அவ பேரைச் சொல்லிருன்னு. சொன்னேன்."

"செத்தவளுக்கு மக இருக்கா."

"அன்னைக்கு லோடு ஏத்துற எடத்துல நின்னுட்டேன். ஒரு மணிக்கு... குரல் குடுக்கல. அவளுக பாட்டுக்கு ஒக்காந்து வேலை பாத்திருக்காளுக. வெயிலு கோட்டைத் தாண்டி வந்திருக்கும்."

பத்திரகாளி எழுந்தாள். அவர் காலடியில் சுருண்டிருந்த போர்வையை இழுத்து நேராக்கினாள்.

"செவ்வாக்கிளமை அந்த நாளு. சனிக்கிளமை சாயங்காலம் பிளக்ஸ் கடைக்குப் போட்டோ போயிரும். அதுக்குள்ள கற்பகம் காதுல ஒங்க வாயால இதைச் சொல்லுங்க. அனுப்பிரியா காதுலயும்."

"கற்பகம் வேண்டாம். அவ என்னைய உயிரோட விட மாட்டா."

"இப்ப மட்டும் எம்புட்டு உயிரு இருக்காம்?"

"புள்ளைய மட்டும் கூட்டிட்டு வா. வெள்ளிக்கிளமை. அவகிட்டச் சொல்லுதேன்."

அன்று வீட்டுக்குப் போய் அனுப்பிரியாவிடம் சொன்னபோது அந்தப் பெண் பைண்டிங் பசையைக் கை இடுக்கிலிருந்து உரித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு, அந்தப் போர்மேனா? அவரு வீட்டுக்கா போயிட்டு வாரீக? பத்து நாளா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"இப்பச் சொல்லுதேன்ல."

"ஒக்காரச் சொன்னது தாந்தான்னு அவரே சொன்னாரா?"

"சொன்னாரு. ஒங்கிட்டயும் சொல்லுதேன்னாரு."

அனுப்பிரியா கையை நிறுத்தினாள். பிறகு மறுபடி உரித்தாள். "பைண்டிங்குல லீவு சொல்லணும். பாதி நாளுதான் குடுப்பாக" என்றாள். அவள் வருகிறாள் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். நல்ல சுடிதார் போட்டு, தலையை இறுக்கப் பின்னியிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து விக்னேஷ்குமார் அச்சகம் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அப்பா அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"வாங்கம்மா. அப்பாவுக்குப் பேசினா மூச்சு தட்டும். ரொம்பப் பேச வைக்காதீக."

காசிராஜன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மகனைப் பார்த்தார். பத்திரகாளி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் முதுகு வேர்ப்பது அவள் கைக்குத் தெரிந்தது.

"நீ... செடி வளப்பியா?" என்றார்.

அனுப்பிரியா கட்டிலுக்கு ஒரு எட்டு கிட்டே வந்தாள்.

"வெளிய அஞ்சு தொட்டி இருக்கு. பெருசா நீலமா ஒண்ணு நிக்கும். அதை எடுத்துக்க. உனக்குத்தான். யாருக்கும் குடுக்க மாட்டேன் நான். நெழல்ல வைக்கணும். வெயிலே படக் கூடாது..."

விக்னேஷ்குமார் எழுந்து நின்றான், பேச்சு முடிந்தது என்பதுபோல. "அப்பா உயிரையே வச்சிருக்காரு அந்தச் செடி மேல. எடுத்துக்கங்கம்மா."

அனுப்பிரியா அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்டுல நெழல்னு ஒண்ணு இருக்கு, ஒரு வேப்பமரம். அதுக்கடியில நாங்க எதையும் வைக்கிறதில்லைங்க. ஒக்காருறதும் இல்ல."

வாசல்வரை பத்திரகாளி பின்னாலேயே ஓடினாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

"அவரு சொன்னாருன்னு நீங்க சொல்லுதீக. அவரு சொல்லல. நான் யாரை நம்ப, அத்தை?"

"நீ வீட்டுக்குப் போ."

"ஒங்களுக்கு வேற எப்படியாச்சும் தெரியுமா? அவரு சொல்லித்தான் தெரியுமா?"

"போன்னு சொல்லுதேன்ல."

உள்ளே வந்தபோது மகன் மாடிக்குப் போயிருந்தான். காசிராஜன் படுக்கையை நனைத்திருந்தார். பத்திரகாளி அவரை ஒருக்களித்துப் புரட்டி, விரிப்பைப் பாதி சுருட்டி, புது விரிப்பைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி, இழுத்து முடித்தாள். ஆறு நிமிட வேலை. அவர்தான் பேசினார்.

"எம் மூஞ்சிய ஏன் அப்படிப் பாக்க? நீ சொல்லேன். உங் கண்ணும் பாத்ததுதான?"

அவள் கை விரிப்பின் நுனியில் நின்றது.

"அன்னைக்கு அதிகாரிகிட்ட... தெரியாதுன்ன. நான் கதவுகிட்ட நின்னேன். ஒருவேளை இவ சொல்லிருவாளோன்னு உன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். நீ தெரியாதுன்ன. அப்புறந்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. பேப்பர்ல எங் கையெளுத்துக்குக் கீள... உங் கையெளுத்து."

பத்திரகாளிக்கு அவரை அடிக்கக் கை எழும்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எழும்பவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகு இல்லை. இத்தனை நாளாக அவரைத் துடைத்து, ஊட்டி, புரட்டியது எதற்கென்று அவளுக்கே அப்போதுதான் தெளிவாயிற்று. அவர் வாயால் வந்துவிட்டால் தன் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. பாவத்தை இறக்கிவைக்க ஒரு கிழவனின் மூச்சைத் தேடி வந்திருக்கிறாள். அந்த மூச்சு அவருக்கே காணாது.

"மூணு மணிக் கோட்டுக்கு நகத்தணும்" என்றார் அவர், பேச்சை மாற்ற.

"நகத்துதேன்" என்றாள். நகர்த்தினாள். அவள் துடைத்த பத்து இலைகளும் ஊமைப் பச்சையாக நின்றன. இரண்டாவது தொட்டியில் மட்டும் நடுவிலிருந்து ஒரு புது இலை சுருட்டு மாதிரி நிமிர்ந்து, விரியாமலே நீலமாக இருந்தது. அதில் கை படாமல் தொட்டியை அடியில் பிடித்துத் தள்ளினாள். ஆறு மணிக்குக் கணக்காக வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று இரவு அத்தையும் அனுப்பிரியாவும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள், படுத்தார்கள்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு பத்திரகாளி டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை அனுப்பிரியா முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்து சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

"ஒங்கம்மாவை ஒக்காரச் சொன்னது அவருதான். கோடு போட்டு ஒக்கார வச்சாரு. நான் எங் கண்ணால பாத்தேன். அதுக்கு முந்தி ரெண்டு சீசன் நானே அந்தக் கோட்டுல ஒக்காந்திருக்கேன். அதிகாரி கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன். கையெளுத்தும் போட்டேன். பதினோரு வருசமா ஒங்கிட்டச் சொல்லல. அம்புட்டுதான்."

அனுப்பிரியா டீயைக் குடிக்கவில்லை. தூக்குச்சட்டியை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். கல்யாணத்துக்கு மறுவருடம் விருதுநகர் பொருட்காட்சியில் எடுத்தது; முத்துச்செல்வி அட்டை நிலாவில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிச் சிரிக்கிறாள். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் அதை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். தூக்குச்சட்டியோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

ஆறே காலுக்குக் கம்பெனி வேன்கள் வரும். பஸ் நிறுத்தத்தில் இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். கற்பகம் நிழற்குடைத் தூணில் சாய்ந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சண்முகவேல் செத்த பிறகும் அவள் பட்டாசை விடவில்லை, வேறு கம்பெனிக்குப் போகிறாள். பத்திரகாளி அவளுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"கற்பகம், ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேக்கட்டும்."

"என்ன, போட்டோவா? வருசா வருசம் சொல்லுததுதான்."

"போட்டோ அப்புறம்." பத்திரகாளி செருப்பைக் கழற்றினாள். கால் பெருவிரலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. "இது பதினோரு மணி நெழலு. இது ஒரு மணி. இது மூணு மணி. சுண்ணாம்புல போட்டு, இதுக்குள்ளதான் ஒக்காரணும்னு போர்மேன் சொல்லுவாரு. ஒம் புருசனை ஒக்கார வச்சது முத்துச்செல்வி இல்ல. அன்னைக்கு ஒரு மணிக்குக் குரல் குடுக்க அவரு வரல, அவரே எங்கிட்டச் சொன்னாரு. ஒக்கார வச்சது அப்பவே எனக்குத் தெரியும். அதிகாரி கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னவ நாந்தான்."

யாரோ ஒருத்தி "அடிப் பாவி" என்றாள், மெதுவாக. கற்பகம் மூன்று கோடுகளையும் பார்த்தாள். ஒரு மணிக் கோட்டில் அவள் கண் நின்றது.

"பதினோரு வருசமா வாயில என்ன வச்சிருந்த நீ?" என்றாள்.

"வேலை போயிருமோன்னு பயம்."

"போச்சுல்ல?"

"போச்சு."

வேன் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்; சிலர் கோட்டை மிதித்தும், சிலர் தாண்டியும். கற்பகம் கடைசியாக நின்றாள். பத்திரகாளி போட்டோவை நீட்டினாள். கற்பகம் அவள் முகத்தில் காறித் துப்பினாள். எச்சில் கன்னத்தில் வழிந்தது. பத்திரகாளி துடைக்கவில்லை, நீட்டிய கையையும் மடக்கவில்லை.

"சீக்கிரம் ஏறுங்க யக்கா!" என்றான் டிரைவர்.

கற்பகம் போட்டோவைப் பிடுங்கித் தன் தூக்குப் பைக்குள், சோற்றுச் சட்டிக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வேனில் ஏறினாள். வேன் போயிற்று. பத்திரகாளி செருப்பைப் போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிவகாசி பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது. ஆறு மணி வேலைக்கு அன்று பிந்திவிட்டது; நின்று ஏறினாள். காசிராஜனை எட்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.